மீன்பாடி வண்டிக்கு இணை உண்டோ?

ஆழ்வார்பேட்டையில் ஒருவன் ‘எஸ்.யு.வி. வாங்கலாம்னு இருக்கேன்’ என்று வாயைத் திறந்தால் போதும். இஸ்திரி வண்டிக்காரரிலிருந்து இருதய நிபுணர் வரை ஆளுக்கொரு மாடல் சொல்வார்கள். எனக்குப் பெண் பார்த்தபோதுகூட இத்தனை பேர் யோசனை சொல்லவில்லை. (சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். சகதர்மிணி இதைப் படிப்பாள் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

மைத்துனர் போன் செய்தார். ‘‘மாப்ளே, வாங்கறதுதான் வாங்கறீங்க, பெரிசா வாங்குங்க. ரோட்ல போனா நாலு பேர் ஒதுங்கணும்!’’

எங்கள் தெருவில் நாலு பேர் ஒதுங்க இடமே கிடையாது. அதோடு, எனக்கு யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. எங்களுக்கு உயரமான வண்டி வேண்டியிருந்ததற்குக் காரணம் வேறு.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல். சென்னைவாசிகளுக்கு அந்தத் தேதியை நினைவுபடுத்த வேண்டியதில்லை. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். எங்கள் தெருவில் விடியற்காலையில் முழங்கால் ஆழம். கரன்ட் இல்லை. போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது.

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறு மணி ஷிஃப்ட். மயிலாப்பூர் பக்கம்தான், வெயில் நாளில் பத்து நிமிஷம். அன்றைக்கு அது இலங்கை தூரத்தில் இருந்தது.

அப்போது எங்களிடம் ஒரு சின்ன கார். பெயர் வேண்டாம், பாவம். ஸ்டில்ட் பார்க்கிங்கில் கதவு பாதிக்குத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. ‘ஒருவேளை ஸ்டார்ட் ஆனால்?’ என்று உள்ளே ஏறிச் சாவியைத் திருகினேன். ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அந்த ‘டொக்’குக்கு என்ன அர்த்தம் என்று பிறகு மெக்கானிக் விளக்கினார். காற்று போக வேண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், பிஸ்டன் மேலே வரும்போது அதை அழுத்த முடியாது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. அந்த வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ‘‘தண்ணில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணாம அப்படியே டோ பண்ணி எடுத்துட்டு வந்திருந்தா செலவு பாதியாப் போயிருக்கும் சார்’’ என்றார்.

இன்ஷூரன்ஸ்? நான் பி.காம். விவேகானந்தா கல்லூரி. காப்பீட்டுச் சட்டத்தில் எழுபத்திரண்டு மார்க். வண்டி வெள்ளத்தில் மூழ்கினால் முழு பாலிசியில் பணம் உண்டு. ஆனால் தண்ணீரில் நிற்கும் வண்டியை நாமே கிளப்பி எஞ்சின் போனால், அது ‘பின்விளைவு’ என்று பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள். அதற்கென்று ‘எஞ்சின் புரொடெக்‌ஷன்’ என ஒரு தனி இணைப்பு இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பலபேர் அதைப் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டிருந்தேன். அந்த வருஷம் ரென்யூவலில், சில நூறு ரூபாய் மிச்சம் என்று எடுத்துவிட்டேன். எழுபத்திரண்டு மார்க்!

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை டயாலிசிஸ் போகவில்லை. வெள்ளிக்கிழமை செய்தது, நடுவில் சனி, ஞாயிறு ஏற்கெனவே இடைவெளி. சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் குடித்த தண்ணீர் எல்லாம் உள்ளேயே தங்கும். அன்று இரவு அப்பாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருந்தார். அம்மா விசிறிக்கொண்டே இருந்தாள். குளிர்காலம். எதற்கு விசிறுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மழை நின்றது. தண்ணீர் நிற்கவில்லை, அதாவது நின்றது, போகவில்லை. ஆட்டோ வராது. ஆம்புலன்ஸ் லைன் கிடைக்கவில்லை. அப்போதுதான் எங்கள் செக்யூரிட்டி அண்ணன் எங்கிருந்தோ ஒரு மீன்பாடி வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மெட்ராஸுக்கு வெளியே இருப்பவர்களுக்காக: முன்னால் பலகை, பின்னால் ஓட்டுபவர், நடுவில் எந்த ஸ்கூட்டரிலிருந்து வந்தது என்று கடவுளுக்கே தெரியாத ஒரு எஞ்சின். மீனைத் தவிர சிமென்ட், பீரோ, கல்யாணப் பாத்திரம் எல்லாம் ஏற்றுவார்கள். அன்று, ஒரு தேசிய வங்கியில் உதவிப் பொது மேலாளராக ஓய்வு பெற்ற எங்கள் அப்பாவை ஏற்றினார்கள். பலகையில் தலையணை. தலைக்கு மேல் நீல நிறத் தார்ப்பாய். நானும் செக்யூரிட்டி அண்ணனும் இரண்டு பக்கமும் பிடித்தபடி தண்ணீரில் நடக்க, லஸ் கார்னர் வரைக்கும் பவனி. கபாலி கோயில் அறுபத்துமூவருக்கு அடுத்தபடியாக அறுபத்துநான்காவதாக அப்பா!

வண்டிக்காரர் ஐந்நூறு ரூபாய் கேட்டார். அன்று ஐயாயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அது அவருக்கும் தெரியும். இருந்தும் ஐந்நூறுதான் கேட்டார்.

டயாலிசிஸ் முடிந்து முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்ததும் அப்பா சொன்ன முதல் வாக்கியம்: ‘‘அந்த வண்டில ஏறி உட்கார்றதுக்கு ரொம்ப சௌகரியமா இருந்ததுடா.’’

அடுத்த பத்து மாதம் எங்களை ஆட்டி வைத்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

*

பழைய கார் ‘உள்ளது உள்ளபடி’ விலைக்குப் போயிற்று. புது வண்டி உயரமாக இருக்க வேண்டும், தண்ணீரில் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று சகதர்மிணி தீர்மானம் கொண்டுவந்தாள், ஏகமனதாக நிறைவேறியது. அப்பாவையும் அழைத்துக்கொண்டு முதல் ஷோரூமுக்குப் போனோம்.

நிஜமான, ஆஜானுபாகுவான எஸ்.யு.வி. லாரியைப் போல அடியில் இரண்டு நீள இரும்புச் சட்டம், அதன் மேல் உடம்பைத் தூக்கி வைத்த ஜாதி. காட்டிலும் மேட்டிலும் போகும். விற்பனைப் பையன் டை கட்டிக்கொண்டு ‘‘ரோடு பிரசன்ஸ் பாருங்க சார்’’ என்றான். அப்பா பார்த்தார். பழனி மலையடிவாரத்தில் நின்று பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார்.

‘‘எப்படிப்பா ஏறுறது?’’

‘‘சைடு ஸ்டெப் போட்டுக்கலாம் அங்கிள். அக்ஸசரீஸ்ல இருக்கு.’’

அதாவது ஒரு படி ஏறுவதற்குப் பதில் இரண்டு படி. அப்பா ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்தார். இடது கையில் டயாலிசிஸுக்காகச் சிரையையும் தமனியையும் இணைத்த ஃபிஸ்டுலா இருக்கிறது. அந்தக் கையால் எடையை இழுக்கக் கூடாது. வலது கையால் மட்டும் இழுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் காலை இறக்கிவிட்டு, ‘‘ஏஸி நல்லா இருக்கு’’ என்றார். ஷோரூம் ஏஸியை.

தண்ணீருக்காக உயரம் வேண்டும். அப்பாவுக்காக உயரம் கூடாது. இந்த முடிச்சை எந்தக் கார் விமரிசனத்திலும் யாரும் அவிழ்த்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை விநாடி என்று எழுதுகிறார்கள். டி.டி.கே. சாலையில் நூறா? விநாடியா?

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். லஸ் பக்கம் நின்றிருந்த ஒரு மீன்பாடி வண்டியின் பலகை உயரத்தை இஞ்ச் டேப்பால் அளந்தேன். இருபத்தாறு அங்குலம். அப்பாவின் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. அந்த உயரத்தில் இருந்தால் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். திரும்பி நின்று உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துக்கொண்டால் ஆயிற்று. சாதாரண காரில் சீட் இதைவிடத் தாழ்வு. கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி விழலாம், எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது. சீட் உயரம் என்பது வேறு. முதலாவது 200 மில்லிமீட்டரை ஒட்டியும், இரண்டாவது மீன்பாடி வண்டியை ஒட்டியும் இருக்க வேண்டும். இரும்புச் சட்டம் இல்லாமல் கார் மாதிரியே ஒரே கூடாகச் செய்த சின்ன எஸ்.யு.வி.க்களில்தான் இது இரண்டும் ஒத்துவருகிறது என்று நான்காவது ஷோரூமில் கண்டுபிடித்தேன். அதுவரை நான் கதவைத் திறந்து சீட்டை இஞ்ச் டேப்பால் அளப்பதைப் பார்த்து, டெய்லர் என்று நினைத்த ஒரு பையன் ‘‘சீட் கவர் நாங்களே போட்டுத் தர்றோம் சார்’’ என்றான்.

டேப்போடு நிற்கவில்லை. அப்பாவின் மடக்கு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். சக்கர நாற்காலி டிக்கியில் போகிறதா என்று பார்க்க. ஏழு சீட் வண்டிகளில் மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் ஒரு தேங்காய் மூடி வைக்கலாம். சி.என்.ஜி. வண்டிகளில் சிலிண்டரும் டிக்கியில்தான் குடியிருக்கிறது. பேட்டரி கார் நல்லதுதான். ஆனால் எங்கள் அசோசியேஷன் மீட்டிங்கில் சார்ஜிங் பாயின்ட் போட அனுமதி வாங்குவதற்குள் பையனுக்குக் கல்யாணமே ஆகிவிடும். (இப்போது நான்காம் வகுப்பு.)

*

உயரம் தீர்ந்தது. இனி எந்தக் கம்பெனி என்கிற கேள்வி. இதில் அப்பாவுக்கு ஒரு பூர்வ ஜென்ம அனுபவம் உண்டு.

தாத்தாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. மெட்ராஸிலேயே செய்த கார். இன்றைக்கு ஊரைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று கார் ஃபாக்டரியாக இருக்கிறதே, அதற்கெல்லாம் மூத்த அண்ணன் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. ஆங்கிலேய வண்டியை இங்கே செய்தார்கள். நான்கு கதவு ஹெரால்டு என்பது இந்தியாவில் மட்டும்தான் உண்டு. பானெட்டைத் தூக்கினால் முன்பாதி முழுக்க முதலை வாய் மாதிரி முன்னால் திறக்கும். தாத்தா அதை மகாலட்சுமி என்றே கூப்பிடுவாராம்.

அந்தக் கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தது. ரோவரின் நவீன உடம்புக்குள் பழைய காலத்து எஞ்சின். போணியாகவில்லை. எண்பதுகள் முடிவதற்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு மகாலட்சுமிக்கு ஒவ்வொரு பாகமும் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடியது அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள். ‘‘வண்டி கெட்டுப்போறது பெரிய விஷயமில்லடா. மனுஷனே கெட்டுப்போறான். ரிப்பேர் பண்ண ஆள் இருக்கானா, பார்ட் கிடைக்குதா... அதைப் பாரு’’ என்றார்.

அதெல்லாம் பழைய கதை என்று சொல்ல முடியவில்லை. 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது நினைவிருக்கும். பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குக் காட்டினார்கள். மறைமலை நகர் ஆலை அடுத்த வருஷம் ஓய்ந்தது. அதற்கு முன்னால் 2017-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே விற்பனையை நிறுத்தியிருந்தது. உலகத்திலேயே பெரிய கம்பெனிகள். பெரிய கம்பெனி என்பதால் நாளைக்கும் இருப்பான் என்று எழுதிக் கொடுக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எங்கள் முதல் மாடி மாமா 2020-ல் ஈக்கோஸ்போர்ட் வாங்கினவர். துக்கம் விசாரிப்பதுபோல் போனேன். மனிதர் சிரித்தார். ‘‘கம்பெனிதான்பா போச்சு, வண்டி போகலை. சர்வீஸும் பார்ட்ஸும் தருவோம்னு சொன்னான், தர்றான். என்ன, முன்னாடி பக்கத்துலயே நாலு இடம் இருந்தது. இப்ப தேடிப் போகணும்.’’ 2024 செப்டம்பரில் அதே கம்பெனி மறைமலை நகரில் ஏற்றுமதிக்காக மறுபடி உற்பத்தி தொடங்க விருப்பம் தெரிவித்துத் தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தபோது, பேப்பரை எடுத்துக்கொண்டு முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். பிரிந்து போன சம்பந்தி திரும்பி வருகிற சந்தோஷம்.

ஆக, கம்பெனியை எடை போடுவது என் சக்திக்கு அப்பாற்பட்டது. டீலரையாவது எடை போடலாமே?

டீலரின் ஷோரூமைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மாப்பிள்ளையை ரிசப்ஷனில் பார்ப்பது போல அது. சர்வீஸ் சென்டரைப் பார்க்க வேண்டும். மூன்று சனிக்கிழமை காலை கிண்டி, பெருங்குடி என்று வேறு வேறு சர்வீஸ் சென்டர்களின் காத்திருப்பு அறையில் போய் உட்கார்ந்தேன். இலவச காபி மெஷின். எதிரில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்க்கும் மனிதர்கள். ‘‘என்ன சார், எவ்வளவு ஆச்சு?’’ என்று கேட்டால் போதும், அணை உடைந்துவிடும். ‘இது மாத்தணும், அது மாத்தணும்’ என்று போன் செய்து பயமுறுத்துவது ஒரு இடம். பழைய பாகத்தைக் கையில் கொடுத்து ‘இதோ பாருங்க’ என்று காட்டுவது ஒரு இடம். மிக்ஜாமில் மூழ்கின வண்டியை இரண்டு மாதம் வைத்திருந்தது ஒரு இடம். எல்லாம் ஒரே கம்பெனியின் வேறு வேறு டீலர்கள்! பிராண்டில் இல்லை ஸார், ஆளில் இருக்கிறது.

அதற்கும் மேலே ஒரு பரீட்சை வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தேகால் மணிக்கு, மூன்று டீலர்களின் அவசர உதவி எண்ணுக்கும் போன் போட்டேன்.

முதல் எண்: மணி அடித்து ஓய்ந்தது.

இரண்டாவது: வீணை வாசித்தார்கள். ஏழு நிமிஷம். அருமையான மோகனம்.

மூன்றாவது: தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல். ‘‘சொல்லுங்க சார். வண்டி எங்க நிக்குது?’’

எனக்குப் பேச்சு வரவில்லை. ‘‘வண்டி... இன்னும் வாங்கவே இல்லைங்க’’ என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு விநாடி மௌனம். ‘‘பரவால்ல சார். வாங்கிட்டு சொல்லுங்க’’ என்று சொல்லிவிட்டு போனை வைத்தார் அந்தப் புண்ணியவான்.

அவர் வேலை பார்க்கிற டீலரிடம்தான் வாங்கினோம். எந்தக் கம்பெனி, எந்த டீலர் என்று எழுதினால் விளம்பரம் ஆகிவிடும். ஆசிரியர் பில் அனுப்புவார்.

*

டீசலா பெட்ரோலா என்பதில் ஒரு கால் டாக்ஸி டிரைவர் எனக்கு ஆசான். அப்பாவை அழைத்துப் போக அந்தப் பத்து மாதமும் டாக்ஸிதான். ‘‘தினம் எவ்ளோ தூரம் சார் ஓட்டுவீங்க?’’ மூன்று கிலோமீட்டர், திரும்ப மூன்று. ‘‘டீசல் பக்கமே போயிடாதீங்க.’’ 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததிலிருந்து டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் சூடேற ஓடினால் அந்தக் கரி தானே எரிந்துபோகும். ஆழ்வார்பேட்டைக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில் எஞ்சின் சூடாவதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிடும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பில் எகிறும். தீர்ந்தது டீசல்.

நீளம்? எங்கள் ஸ்டில்ட்டில் இரண்டு தூணுக்கு நடுவே ஒரு வண்டி. இன்னோவா கிரிஸ்டா போன்ற நாலே முக்கால் மீட்டர் வண்டியை நிறுத்தினால் மூக்கு தெருவில் இருக்கும். நாலு மீட்டருக்குள் வாங்கினால் வரியும் குறைவு. 2006 பட்ஜெட்டில், நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்ன கார்களுக்கு எக்ஸைஸ் வரியை 24 சதவிகிதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அன்றிலிருந்து இந்தியக் கார்களை டிசைன் செய்வது நிதி அமைச்சகம்தான். மாமாவின் ஈக்கோஸ்போர்ட் 2013-ல் வந்தபோது நீளம் 3,999 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரை மட்டும் பகவானுக்கு விட்டுவிட்டார்கள்.

இங்கேதான் என் பி.காம். விசுவரூபம் எடுத்தது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து கார்களுக்கு வாழ்நாள் வரி: ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவிகிதம், பத்து லட்சத்தைத் தாண்டினால் 18. நாங்கள் பார்த்த வண்டி 9 லட்சத்து 80 ஆயிரம். பையன் சன்ரூஃப் வேண்டும் என்று அடம். அந்த மாடல் நாற்பதாயிரம் அதிகம். 10 லட்சத்து 20 ஆயிரம். கணக்குப் போட்டேன். வரி 1,27,400-லிருந்து 1,83,600 ஆகிறது. நாற்பதாயிரம் ரூபாய் ஓட்டைக்கு ஐம்பத்தாறாயிரம் ரூபாய் வரி! அதுவும் எந்த ஊரில்? 2003 மே மாதம் 45 டிகிரி அடித்த ஊரில், தலைக்கு மேல் ஓட்டை. ‘‘வேணும்னா மொட்டை மாடிக்குப் போய் நில்லு’’ என்றேன் பையனிடம்.

வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. அது சரியாக ஒரு வருஷம் நீடித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம் என்று குறைத்தார்கள். நான் வாங்கியபோது செஸ்ஸோடு 29. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ‘‘எண்பதாயிரத்துக்கு மேல வருது, இல்ல?’’ என்றார். வாய்க்கணக்கு. 83,000-த்தைத் தாண்டியிருந்தது. ‘‘பி.காமாம் பி.காம்’’ என்றாள் அம்மா, யாருக்கோ சொல்வது மாதிரி.

*

ஒன்றை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

வாங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால், இரவு பதினோரு மணி. சாப்பாட்டு மேஜையில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வண்டி விலை, வரி, இன்ஷூரன்ஸ் (இந்த முறை எஞ்சின் புரொடெக்‌ஷனோடு), பெட்ரோல், சர்வீஸ், தேய்மானம். அப்பா தூக்கம் வராமல் வந்து எதிரில் உட்கார்ந்தார். வங்கியில் முப்பது வருஷம் லோன் கொடுத்த மனிதர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

‘‘மார்ஜின் எவ்வளவு போடற?’’

‘‘மூணு லட்சம்ப்பா.’’

‘‘தவணை?’’

‘‘ஏழு வருஷம்.’’

‘‘ஏழா?’’ திரையைத் தன் பக்கம் திருப்பினார். ‘‘எதுக்காக வாங்கற வண்டி இது?’’

நான் பேசவில்லை.

‘‘என்னைக் கூட்டிட்டுப் போறதுக்குன்னு வாங்கற. அதுக்கு ஏழு வருஷம் தவணை போட்டா எந்த மேனேஜரும் சாங்ஷன் பண்ண மாட்டான்டா. லோன் காலம் அஸெட்டோட காலத்துக்குள்ள இருக்கணும். நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்.’’ வெகு சாதாரணமாகச் சொன்னார். மூன்றாம் மனிதனின் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவதுபோல. ‘‘நாலு போடு. மாசத் தவணை கொஞ்சம் இடிக்கும். ஆனா வட்டி மிச்சம்.’’

‘‘அப்பா, வண்டி பதினஞ்சு வருஷம் ஓடும்...’’

‘‘வண்டி ஓடும்’’ என்றார்.

ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தேய்மானக் காலம் என்கிற கட்டத்தில் நான் என்ன எண்ணைப் போடுவது? கர்ஸர் அங்கேயே மினுக்கிக்கொண்டிருந்தது. கல்லூரியில் நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை என்று இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டும் உதவவில்லை. கடைசியில் அஞ்சு என்று போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, பேரம் படிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் படுக்கப் போனார்.

*

டெலிவரி, 2024 அக்டோபர் 12, விஜயதசமி. ‘எஸென்ஷியல் கிட்’ என்று மிதியடி, மட்ஃபிளாப், ஒரு வாசனை டப்பா ஆகியவற்றுக்குப் பதினான்காயிரம் எழுதியிருந்தார்கள். ‘எது எஸென்ஷியல்?’ என்று கேட்டு மிதியடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். இன்ஷூரன்ஸை வெளியில்தான் எடுப்பேன் என்றதும், வெளியில் சொன்ன விலைக்கே கொடுத்தார்கள். கேட்டால் குறைகிறது, கேட்காதவர்கள் தலையில் என்ன விழுகிறது என்று யோசித்தால் தூக்கம் வராது.

பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரருக்குப் பூஜை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அங்கே எங்களுக்கு முன்னால் ஒரு கோடி ரூபாய் ஜெர்மன் கார், பின்னால் ஒரு பால் வேன். எல்லோருக்கும் அதே எலுமிச்சம்பழம். வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவின் திருப்திக்காக ஆழ்வார்பேட்டை ஆஞ்சநேயரிடமும் ஒரு அட்டெண்டன்ஸ்.

அப்பா முன்சீட்டில். திரும்பி நின்று, உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துக்கொண்டார். யாரும் பிடிக்கவில்லை.

‘‘எப்படிப்பா?’’

‘‘ம்... மீன் வண்டி அளவுக்கு இல்ல. பரவால்ல.’’

நாலே நாளில் சோதனை வந்தது. அக்டோபர் 16, புதன்கிழமை, சென்னைக்கு ரெட் அலர்ட். முந்தின நாளே நல்ல மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்தியிருப்பதை டி.வி.யில் காட்டினார்கள். மைத்துனர் போன் செய்தார். ‘‘மாப்ளே, பாலத்துல ஒரு இடம் பிடிச்சு வைக்கட்டுமா?’’ வெள்ளத்தில் போவதற்காகவே வாங்கின வண்டியை வெள்ளத்துக்குப் பயந்து மேம்பாலத்தில் நிறுத்துவதா? மாட்டேன் என்றேன்.

இரவெல்லாம் தூங்கவில்லை. நாலு மணிக்கே ஃபிளாஸ்கில் காபி, டார்ச், கயிறு, தார்ப்பாய், மாற்று உடை எல்லாம் டிக்கியில் ஏறிவிட்டன. அவசர உதவி எண்ணை போனில் முதல் நம்பராகப் போட்டேன். செக்யூரிட்டி அண்ணன் மழைக்கோட்டோடு தயார். அப்பா ஐந்தரைக்கு ஸ்வெட்டர், மஃப்ளர், மடியில் குடையோடு முன்சீட்டில் அமர்ந்தார். நான் சாவியைத் திருகினேன், கொஞ்சம் கை நடுங்க. ‘டொக்’ கேட்கவில்லை. கிளம்பிற்று.

கேட்டைத் தாண்டி வெளியே வந்தோம். தெருவில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. மழை வடக்கே எங்கோ போய்விட்டிருந்தது. சி.பி. ராமசாமி சாலை காய்ந்து கிடந்தது. பால்காரர் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்.

அப்பா கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

‘‘எங்கடா மழை?’’ என்றார், ஏமாற்றத்தோடு.